தண்ணீர் ஏறும் நேரத்தில் அக்காவைக் கரைத்தோம்

எங்களோடு பிறந்து, எங்களுக்குப் புரியாமலேயே வாழ்ந்து மறைந்த அக்காவின் பதினாறாம் நாளில் இந்நினைவு மலர் உங்கள் கைக்கு வருகிறது. பெருமையோடு எழுத வேண்டியதை வெட்கத்தோடு எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்தருள்க.

மலாக்காவில் ரெம்பியாவுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்வெட்டுத் தொழிலாளர்களின் மூத்த மகளாய்ப் பிறந்தார். அப்பா நோயில் படுத்தபின், விடியலில் அம்மாவோடு பால் வெட்டிவிட்டுத்தான் தோட்டப் பள்ளிக்கு ஓடுவார். கை கழுவினாலும் ரப்பர் பால் வாடை போகாது என்று பிள்ளைகள் கேலி செய்வார்களாம். தம்பியாகிய என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். ஆயர் குரோ நகரில் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் என் ஏர்கோன் கடை இன்று நிற்கிறதென்றால் அது அக்கா போட்ட அடித்தளம்.

பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து அவர் ஆராய்ந்தது நம் மலாக்கா நீரிணை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் தண்ணீர் முன்னும் பின்னும் அலைந்தாலும், கூட்டிக் கழித்தால் வடமேற்கே அந்தமான் கடலை நோக்கித்தான் போகிறதாம். பருவக்காற்று மாறும்போதும், மழை பொய்த்து வெயில் காயும் ஆண்டுகளிலும் அந்த ஓட்டம் எப்படிக் கூடிக் குறைகிறது என்பதே அவருடைய வாழ்நாள் கேள்வி. பவளப்பாறையை அறுத்து, மரத்தின் வளையம் போன்ற அதன் கோடுகளில் பழைய காலத்துக் கடலின் சூட்டைத் தேடுவார். "ஒரு வருசத்த வெச்சுக் கடலப் பத்திப் பேசக்கூடாதுடா. முப்பது வருசம் பாத்துட்டுப் பேசு" என்பார்.

நாங்கள் அரை மணி நேரம்கூடப் பார்த்ததில்லை.

விருந்துகளில் எங்கள் சித்தப்பா, "கடல்ல அப்படி என்னம்மா வேல, மீன் யாவாரமா லா?" என்பார். எல்லாரும் சிரிப்போம். அக்காவும் சிரித்துவிட்டு, "ஒரு நாள் வந்து உக்காருங்க சித்தப்பா, தண்ணி திரும்புறதக் காட்டுறேன்" என்பார். ஒருவரும் போகவில்லை. அவர் இறந்தபோது பத்திரிகை அறிவிப்பில் என்ன வேலை என்று போடுவதென எங்களுக்குத் தெரியவில்லை. 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்று போட்டோம். இதை எழுதும்போதே மானம் போகிறது.

மருத்துவமனையில் கடைசி வாரம், "தண்ணி எறங்குறப்போ என்னக் கரைங்கடா. ஏறுறப்போ விட்டா கரைக்கே வந்துருவேன்" என்றார். "அபசகுனமா பேசாதக்கா" என்று அதட்டினேன்.

அஸ்தி கரைக்கும் நாளில் கடற்கரையில் சித்தப்பா பஞ்சாங்கம் பார்த்தார். ராகு காலத்துக்குமுன் முடித்தாக வேண்டுமாம். அலை ஒவ்வொன்றும் மேலே மேலே வந்துகொண்டிருந்தது. "சித்தப்பா, தண்ணி ஏறுதே" என்றேன். "நல்ல நேரம் போவுது, சும்மா இருடா" என்றார்.  சிவப்புத் துணியால் வாய் கட்டிய கலசத்தைத் தோளுக்குப் பின்னால் கடலில் விட்டோம். திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது முறை. நாங்களும் முறை தவறவில்லை.

கரையில் பசியாறிக்கொண்டிருந்தபோது, தூண்டில் போட வந்த மலாய்க்காரர் ஒருவர் எதையோ இரு கைகளிலும் ஏந்தி வந்தார். "அங்கிள், இனி அங்கிள் புஞ்யா?" இது உங்களுடையதா என்று மலாயில் மெல்லக் கேட்டார். கட்டு அவிழாத சிவப்புத் துணி. எங்கள் அக்கா! பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. சித்தப்பா தோசைப் பொட்டலத்தை மூடி வைத்தார்.

"எப்படா எறங்கும்?" என்று என்னைக் கேட்டார். அக்காவின் தம்பிக்கு அது தெரியவில்லை.

சித்தப்பா போய்த் தம் கைத்தடியை நீரோரம் மணலில் ஊன்றினார். கலசத்தை நான் மடியில் வைத்துக்கொள்ள, எல்லாரும் உட்கார்ந்தோம். ராகு காலம் வந்தது, போனது. தண்ணீர் தடியைச் சூழ்ந்து ஏறியது, நெடுநேரம் நின்றது. பிறகு தடியின் அடியில் ஈரமணல் தெரிந்தது.

"திரும்புதுடா" என்றார் சித்தப்பா. "இதத்தான் புள்ள காட்டுறேன்னு கூப்பிட்டா."

கட்டை அவிழ்த்து, கையாலேயே கரைத்தோம். இம்முறை எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். அக்கா வரவில்லை.

அக்காவைக் கவனித்த மருத்துவர்கள், தாதியர், உணவு கொண்டுவந்த அண்டை வீட்டார், தோள் கொடுத்த உறவினர் யாவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர்கூடக் கேட்காமல் விட்ட அந்தத் தூண்டில்காரருக்குத் தனி நன்றி; எங்கள் அக்காவை எங்களைவிட மரியாதையாகத் தூக்கியவர் அவர். ஆண்டுத் திதிக்கு அதே கடற்கரைக்கு வாருங்கள். வேலை எதையும் வைத்துக்கொள்ளாமல் வாருங்கள். தண்ணீர் திரும்பும்வரை உட்கார வேண்டியிருக்கும்.