படகறைக்குப் பூசிய வார்னிஷ்

என் அண்ணனுக்கு மரம் பளபளக்க வேண்டும். உள்ளே உட்காருகிறவள் மூச்சுவிட வேண்டும் என்ற நினைப்பே கிடையாது. இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

இராஜபாளையத்துக்குக் கிழக்கே, கண்மாய்க்கு அக்கரையில் எங்கள் தோட்டவீடு. ஐப்பசியில் கண்மாய் பெருகி வண்டிப்பாதை முங்கினால் படகுதான். அம்மாவுக்கு மூச்சிழுப்பு. மழைக்காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வைத்தியரிடம் போக வேண்டிவரும். அவள் நனையாமல் போகத்தான் அப்பா படகில் பலகை அறை கட்டினார். அவர் இருந்தவரை உள்ளே புன்னை எண்ணெய்தான் தேய்ப்பார்கள்.

அப்பா போன பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய இடத்திலிருந்து என்னைப் பெண் கேட்டார்கள். எண்ணெய்ப் பலகையில் அவர்களை உட்காரவைப்பதா என்று அண்ணன் குதித்தான். ஆசாரி அரக்கு பூசலாம் என்றார். அதுவும் போதாதாம். சாத்தூர் ரயிலடியிலிருந்து வார்னிஷ் டப்பா வந்தது. அந்த நெடி அம்மாவுக்கு ஆகாது என்று நான் சொன்னதற்கு, "ஏட்டி, எல்லாம் ஒன் கல்யாணத்துக்குத்தானே செய்யுதேன்" என்று வாயை அடைத்தான்.

வந்தது ஆடி மாதம். அடிக்கிற மலைக்காற்றில் பூசியிருந்தால் காய்ந்து நெடியும் போயிருக்கும். ஆடியில் கல்யாண வேலை எதையும் தொடக்கூடாதாம். அம்மாவும் அதற்குத் தலையாட்டினாள். அவள்மேலும் எனக்குக் கோபம்தான். தள்ளித் தள்ளி, ஐப்பசியில் நாள் பார்த்து, தூசி விழாமல் சன்னலை அடைத்துப் பூசினார்கள். ஈரத்தில் அது காயவே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்றே அம்மாவுக்கு இழுப்பு கண்டுவிட்டது. கோயிலுக்கு என்று சொல்லிக்கொண்டு, அவர்கள் திரும்பும் படகிலேயே வைத்தியரிடம் கிளம்பினாள். பிசுபிசுத்த பலகைமேல் ஜமுக்காளம் விரித்து அவர்கள் உட்கார்ந்தார்கள். உள்ளே தலையை நுழைத்த அம்மா, நெடி தாங்காமல் வெளியே வந்து மழையில் உட்கார்ந்தாள். ஏன் என்று அவர்கள் கேட்டார்கள். தாய்க்கு நோய் என்றால் சம்பந்தம் கலைந்துவிடும் என்று அண்ணனுக்குப் பயம். "அவியளுக்குக் காத்தாட இருந்தாத்தான் பிடிக்கும்" என்றான், கூசாமல். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கரையில் நின்று படகுக் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

கார்த்திகையில் அம்மா போய்விட்டாள். தையில் எனக்குக் கல்யாணம். படகறையின் மினுக்கைப் பார்த்துத்தான் சம்பந்தம் கூடியது என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

தலைப்பிரசவத்துக்கு என்னை அனுப்பும்போது மாமியார் சாதாரணமாகக் கேட்டார்:

"ஒங்கம்மாவுக்கு இழுப்புன்னு எங்களுக்கு முன்னமே தெரியும். நாங்களும் அந்த வைத்தியர்ட்டதானே போறோம். அன்னைக்கு எதுக்கு மழையில உக்காந்து வந்தாக?"