வெட்டாமல் விட்ட செடி

பிள்ளைகளே, நம் தோட்டத்தின் பெயர் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு சின்னக் கிராமத்தின் பெயர். காட்டை அழித்து இங்கே தேயிலை போட்ட முதல் வெள்ளைக்காரத் துரை அந்த ஊர்க்காரர். அவருடைய கல்லறை இரும்பு வேலிக்குள் இருக்கிறது. நம் ஆட்களைத் தேயிலைக்கு நடுவில்தான் புதைப்போம். சிமெண்டு வைத்துக் கட்டத் தோட்ட நிர்வாகம் விடாது. அதனால் தேயிலைச் செடிகளைக் குட்டையாகக் கவ்வாத்து வெட்டும்போது தலைமாட்டில் உள்ள ஒரு செடியை மட்டும் வெட்டாமல் விடுவோம். அது மரமாக வளர்ந்துவிடும். உங்கள் தாத்தாவுக்கும் அதுதான் அடையாளம்.

போன மாதம் அந்தக் கிராமத்திலிருந்து வயதான ஒரு கணவனும் மனைவியும் துரையின் கல்லறையைப் பார்க்க வந்தார்கள். நம் நோர்வூட் டவுனிலிருந்து என் ஆட்டோவில்தான் ஏற்றி வந்தேன். தோட்டத்துக் கிளாக்கர் கூட வந்து அவர்கள் பேசியதைத் தமிழில் சொன்னார். ரோட்டோரம் கொழுந்தெடுத்த ஓர் அக்கா, "என்னா தம்பி, தொரமாருக்கு மறுபடி தோட்டத்த விக்கப் போறியா?" என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள்.

வந்த வெள்ளைக்கார அம்மா தன் ஊர்க் கதையைச் சொன்னார். ஒரு தேவாலயம், கொஞ்சம் வீடுகள். பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்களாம். ஆனாலும் தாத்தாவுக்குத் தாத்தாவைப் புதைத்த இடத்தை இன்றைக்கும் காட்டுவாராம்.

"ஒங்கப்பாவ எங்க அடக்கம் பண்ணுனீங்கன்னு கேக்குறாங்கப்பா" என்றார் கிளாக்கர்.

"இந்தா, மேலதாங்க. வரச் சொல்லுங்க, காட்டுறேன்."

ஆசையாக முன்னால் ஏறினேன். மேலே போனால் மலை முழுக்க முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டிக் கிடந்தது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று மனேஜர் கந்தப்பளைப் பக்கத்திலிருந்து கொந்தராத்துக் கூலி ஆட்களைப் பிடித்து வெட்டச் சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு நம் வழக்கம் தெரியாது. மரமாக நின்றதன் அடி தடிப்பாக இருக்கும் என்று குனிந்து குனிந்து தேடினேன். பழைய தேயிலை, எல்லா அடியும் தடிப்புதான்.

கிளாக்கர் மெதுவாகச் சொன்னார்: "ஏதாச்சும் ஒன்னக் காட்டுப்பா. அவங்களுக்கு என்னா தெரியப் போவுது?"

ஒன்றைக் காட்டினேன். அந்த ஐயா தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். நானும் கும்பிட்டேன்.

மறுநாள் மனேஜரிடம் போய்க் கேட்டேன். "அங்க தேயிலதானே இருந்துச்சி?" என்றார். ஆமாம், தேயிலைதான்.

திவசத்துக்கு எங்கே படைப்பது என்று உங்கள் அத்தை கேட்கிறார். நாளைக்கு நீங்களும் கேட்பீர்கள். அந்த மலையைக் காட்டுவேன். அதற்கு மேல் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை.