உள்ளங்காலுக்கு ஒரு கண்ணாடி

ஒழுக்கம் என்பது கழுத்தில் தொங்குகிற பொருள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அனுபவத்தில் கண்டதுதான். ஒவ்வொரு தை மாதமும் திருச்செந்தூருக்கு நடக்க மாலை போடுவேன். மாலை ஏறிவிட்டால் போதும், மறுநாளே விடியுமுன் எழுந்து ஆற்றில் முங்கிவிடுவேன். சீட்டு கிடையாது, வாயில் கெட்ட வார்த்தை கிடையாது, கடைத்தெரு வடை கிடையாது. தச்சநல்லூரில் மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர் போகிறவரெல்லாம் ‘சாமி’ என்று கூப்பிடுவார்கள். அப்படிக் கூப்பிட்ட பிறகு எந்த முகத்தோடு வடையைக் கடிப்பது? கோயிலில் மாலையைக் கழற்றுவேன். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே பழைய ஆளாகிவிடுவேன். ஆகவே என்னிடம் கோளாறு ஒன்றுமில்லை, மாலை வருடம் முழுக்க இல்லாததுதான் கோளாறு என்பது என் முடிவு.

சர்க்கரை வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. பாளையங்கோட்டையில் நான் காட்டும் டாக்டரம்மா ஒருநாள் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார். மெல்லிய நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் தொடுவாராம், தொடுகிறபோதெல்லாம் நான் சொல்ல வேண்டுமாம். கண்ணை மூடிக் காத்திருந்தேன். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. அவர் தொடங்குகிற மாதிரியே தெரியவில்லை.

“ஆரம்பிக்கலாம் டாக்டர், நான் ரெடி” என்றேன்.

“முடிச்சிட்டேன்” என்றார்.

எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்தவன் நான். அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை.

காலில் உணர்வு குறைந்துவிட்டது, இனி அது வலித்துச் சொல்லாது, நீங்கள்தான் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். தினமும் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது. சின்னப் புண்தானே என்று விட்டால் காலே போய்விடும். இவ்வளவுதான் அவர் சொன்னது. எனக்குக் கடைசி வாக்கியம் மட்டும் கேட்டது. பஸ் நிறுத்தம் வருவதற்குள் மனதுக்குள் இரண்டு கால்களையும் எடுத்தாகிவிட்டது. கடை வாசல்படியை உடைத்துச் சரிவு போட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தேன். வாஷர் டப்பா மேல்தட்டில் இருக்கிறதே, அதை யார் எடுத்துக் கொடுப்பது என்ற கவலை வேறு.

அன்று சாயந்திரம் சவரக் கண்ணாடியைத் தரையில் வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். என் உள்ளங்காலை அதற்குமுன் நான் பார்த்ததேயில்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. மறுநாளும் பார்த்தேன். அதற்கு மறுநாள் கடையில் கூட்டம். பிறகு ஒரு கல்யாண வீடு. பிறகு கண்ணாடி தன் ஆணிக்கே திரும்பிப் போய்விட்டது. பயம் மட்டும் ஒருநாள்கூடத் தவறாமல் வந்தது. தினமும் பயப்படுகிறோமே, அதுவே காலைப் பார்த்துக்கொள்வதுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

தை நெருங்கியதும் எனக்கு நிம்மதி வந்தது. மாலை ஏறிவிட்டால் மாத்திரை, நடை, கண்ணாடி எல்லாம் தானாக ஓடும். மனைவி அரிசி களைந்தபடியே கேட்டாள்.

“மாலை போட்டா செருப்பு போட மாட்டியளே. டாக்டரம்மா சொன்னது என்னாச்சு?”

“முருகன் கையில வேலு வச்சிருக்காரு. ஒரு முள்ளு எடுக்கத் தெரியாதா அவருக்கு?”

நானே சிரித்துக்கொண்டேன். அவள் களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எங்கள் குழுவை நடத்திக் கூட்டிப்போகிற குருசாமி, பக்கத்துத் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவரும் சொன்னார். சர்க்கரை உள்ளவர்கள் பலர் செருப்போடுதான் நடக்கிறார்கள், போட்டுக்கொள்ளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று. நான் கேட்கவில்லை. வருடத்தில் கொஞ்ச நாள்தான் நான் ஒழுங்கு. அந்தக் கொஞ்ச நாளிலும் சலுகையா?

பச்சை வேட்டியும் மினி லாரியில் பாட்டுமாகக் கிளம்பினோம். ஆழ்வார்திருநகரியைத் தாண்டும்போது இரண்டாம் நாள். சாலையோரம் வாழைத்தோட்டங்கள், வாய்க்காலில் தண்ணீர். ஒவ்வொருவரும் வாய்க்காலைக் கண்ட இடத்தில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு முனகினார்கள். கொப்புளம், குதிகால் வலி, கணுக்கால் வீக்கம். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

“எனக்கு ஒரு வலியும் இல்ல சாமி” என்றேன்.

அதுதான் பக்தி என்றார் ஒருவர். நான் மறுக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களைக் கிண்டல்கூடச் செய்தேன்.

குரும்பூருக்குக் கொஞ்சம் முன்னால், பின்னே வந்தவர் சொன்னார். “சாமி, நில்லுங்க. காலுல ரத்தம்.”

திரும்பிப் பார்த்தேன். நான் நடந்துவந்த தார்ச்சாலையில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து காலைத் தூக்கினேன். வயிறு மறித்ததில் ஒன்றும் தெரியவில்லை. குருசாமி என் காலைத் தன் மடியில் வைத்து, சுண்டுவிரலுக்கு அடியிலிருந்து ஒரு பாட்டில் சில்லைப் பிடுங்கினார். பிடுங்கிவிட்டார் என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எப்போது ஏறியதோ தெரியாது. பழைய ரத்தம் கறுத்து, அதன்மேல் புது ரத்தம்.

“என்னவே செஞ்சு வச்சிருக்கீரு” என்றார். மாலை போட்டவனை ‘சாமி’ என்றல்லாமல் ‘வே’ போட்டுக் கூப்பிடக் கூடாது என்பது அவருக்கே மறந்துவிட்டது.

என்னை மினி லாரியில் அரிசி மூட்டைமேல் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் என் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் தேர்வு செய்துவிட்டேன். தலையில் முடி இருந்த காலத்துப் படம். கட்டுப்போட வந்த நர்ஸ் என் கழுத்தைப் பார்த்துவிட்டு, “வலிக்கும் சாமி, பொறுத்துக்கோங்க” என்றார். வலிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அந்த வருடம் முருகனிடம் நான் கேட்டது அது ஒன்றுதான். வலிக்கவில்லை.

புண் ஆறவில்லை. எலும்பு வரை சீழ் இறங்கிவிட்டது, விரலை எடுத்தால்தான் பாதத்தைக் காப்பாற்றலாம் என்றார்கள். எடுத்தார்கள். டாக்டரம்மா திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அடுத்து வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், இனிமேல் தினமும் நீயே என் காலைப் பார்த்துவிடு என்றேன். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் எனக்கு ஓடும், அது அவளுக்கும் தெரியும்.

“நான் தெனமும் பாத்தா அது என் பழக்கமாயிரும்” என்றாள். “காலு உங்க காலு.”

சவரக் கண்ணாடியை எடுத்துப்போய், புறவாசலில் நான் கால் கழுவுகிற குழாய்ப் பக்கத்துச் சுவரில் மாட்டினாள். கீழே ஒரு முக்காலியைப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. பார்த்தேனா என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கடையை அடைத்து வந்ததும் கால் கழுவுவேன், துடைப்பேன், கண்ணாடியை எடுத்துப் பார்ப்பேன். அப்புறம் காப்பி. அவ்வளவுதான். விடியற்காலை இல்லை, ஆற்று முங்கல் இல்லை, ‘சாமி’ என்று ஒரு குரல் இல்லை. இதை வைத்து உருப்படியாக ஒரு ஜோக்குகூடச் சொல்ல முடியவில்லை. மறந்து படுத்த நாட்களும் உண்டு. படுத்த பிறகு நினைவு வரும். என்னையே திட்டிக்கொண்டு எழுந்து புறவாசலுக்குப் போவேன். ஒருமுறை செருப்பு வார் உரசின இடத்தில் சின்னக் கொப்புளம் ஒன்றைக் கண்டேன். காலும் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை, நானாகக் கண்டது. மறுநாளே போய்க் காட்டினேன். ஆறிவிட்டது.

அடுத்த தை வந்தது. குருசாமி கடைக்கு வந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு வருவதானால் வாரும்வே, இல்லாவிட்டால் வீட்டில் கிடவும் என்றார். டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, கான்வாஸ் ஷூ போட்டு, முடிந்த தூரம் நடந்தேன், மீதியை மினி லாரியில் போனேன். தங்கிய இடத்திலெல்லாம் ஷூவைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தேன். சாமி அழகு பார்க்கிறார் என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன், கையிலிருந்த கண்ணாடியை வைக்காமலே.

கோயிலில் மாலையைக் கழற்றிவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். அன்று சாயந்திரம் குழாயடியில் உட்கார்ந்து பார்த்தேன். வலது காலில் சுண்டுவிரல் இல்லை. மற்ற நான்கும் இருந்தன.