முதுகுகளை எண்ணும் பரசுராமன்

தேரடித் தெருவுக்குப் பின்னால் இருக்கும் வண்டிக்காரர் பரஸ்பர சகாய சங்கக் கட்டடத்தின் கேட்டில், 1997 சித்திரையில் ஓர் அட்டை தொங்கியது: 'இந்தக் கட்டடம் விற்பனைக்கு. உள்ளே விசாரிக்கவும்.' தொங்கவிட்டவன் நான். ஒன்பதாவதில் இரண்டு முறை கோட்டை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தவனுக்கு வேறு என்ன வேலை? காவல்காரர் பரசுராமன் தெருவில் நின்று கத்துவார், வேடிக்கை பார்க்கலாம் என்பது திட்டம்.

அவர் அட்டையைக் கழற்றவே இல்லை. விசாரிக்க வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, "விக்கிறது கெடக்கட்டுங்க, வந்தது வந்துட்டீங்க, பாத்துட்டுப் போங்க" என்று கட்டடத்தைச் சுற்றிக் காட்டினார். மூன்று நாளில் பதினோரு பேர். பொறுக்க முடியாமல் மூன்றாம் நாள் நானும் அவர்களோடு நுழைந்தேன்.

கீழே வண்டி நிறுத்தும் கூடம். பதினாறு கல்தூண்கள், ஒவ்வொன்றிலும் மாடு கட்ட இரும்பு வளையம். வைக்கோல் பாரத்தோடு வண்டி நுழையும் உயரத்துக்கு வாசல். 1931இல் வண்டிக்காரர்களே கல் ஏற்றிவந்து கட்டியது. ஒருவர் மாடு செத்துப்போனால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு நாள் அவருக்காக வண்டி ஓட்ட வேண்டும் என்பது அவர்கள் போட்ட முதல் விதி. மாடியில், தேக்கு உத்தரங்கள் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை போட்ட கூடம். மேற்குச் சுவரில் ஏழு ஜன்னல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் அரை வண்டிச்சக்கரம் போலச் சுண்ணாம்பு வேலை. ஏழு ஜன்னலையும் திறந்தால் ஊரே கும்பிடும் மலை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"மலைக்கு முதுகு காட்டிக்கினு யாரும் உக்காரக் கூடாதுன்னு வெச்சாங்க," என்றார் பரசுராமன். "தலைவரும்தான்."

அதனால் அங்கே தலைவருக்கு மேடை கிடையாது. முதல் வரிசையில், எல்லோரையும் போல ஜன்னலைப் பார்த்து உட்காருவார். அவருக்குப் பின்னால் யார் கை தூக்கினார்கள் என்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவனும் திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசி வரிசைக்கும் பின்னால் நின்று எண்ணுவது காவல்காரர் வேலை. எத்தனை என்று மட்டும் சொல்வார். பரசுராமன் இருபத்து மூன்று வருஷமாக எண்ணுகிறார். ஒரு பெயர்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

ஆனியில் வந்தது வினை. வண்டிக்காரர் பிள்ளைகள் லாரிக்காரர்கள் ஆகிவிட்ட காலம். சங்கத் தலைவர் திருமலைக்கு ஆறு லாரி. உறுப்பினர்களில் பாதிப் பேர் அவரிடம் டிரைவர்கள், என் அப்பா அப்பாதுரையும் சேர்த்து. ஊர் மாவட்டத் தலைநகர் ஆனபிறகு கல்யாணத்துக்கு மண்டபம் போதவில்லை. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து அங்கே மேடை கட்டிவிட்டால் ஜோரான மண்டபம் என்பது திருமலையின் கணக்கு.

கூட்டத்தன்று காலை பையன்கள் நாங்கள் நாலைந்து பேர் மாடி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தோம். திருமலை தன் நாற்காலியை ஜன்னலடியில் போட்டுக் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"ஜன்னல அடைக்க வேணாம்னு சொல்றவங்க கை தூக்குங்க."

ஐம்பத்து மூன்று பேர். ஒரு கை எழவில்லை. என் அப்பா தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"எண்ணுய்யா பரசுராமா."

"எண்ண முடியாதுங்க."

"ஏன், ஒண்ணு ரெண்டு மறந்துபூட்டுதா?"

"நாற்காலி மாறிக் கெடக்குதுங்க. நீங்க மலைக்கு முதுகு காட்டிக்கினு உக்காந்திருக்கீங்க. இப்ப எண்ணினா செல்லாது."

"எனக்கே சட்டம் பேசுறியா? நாளைக்கு மூட்டை கட்டிக்கோ."

"கட்டிக்கிறேங்க. பாஞ்சாலைகிட்ட சொன்னா அரை மணியில கட்டிடுவா. அது வரைக்கும் நான்தான் காவலு."

மாடிப்படிக்குக் கீழே உள்ள அறைதான் அவருக்கும் மனைவி பாஞ்சாலைக்கும் வீடு. ஐம்பத்தெட்டு வயதில் போக வேறு இடம் இல்லை. ஆனாலும் நடந்துபோய் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுக்கவில்லை. சும்மா நின்றார்.

"தலைவரே, மலை காத்துக்கினு கீது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் சிரித்தது. திருமலை பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். ஒருமுறை திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தானே தூக்கி முதல் வரிசையில் போட்டார். பரசுராமன் எங்கள் முகத்துக்கு நேரே வராந்தாக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் போனார். கேள்வியை மறுபடி கேட்டார்கள். சட்டைகள் சரசரத்தன.

"முப்பத்தி நாலுங்க," என்றார் பரசுராமன்.

ஜன்னல்கள் தப்பின. படியிறங்கும்போது திருமலை அவரை ஓரங்கட்டினார். "என் டிரைவருங்க எத்தினி பேரு தூக்கினாங்க? அத மட்டும் சொல்லு, உன் வேலை எங்கயும் போவாது."

"நான் பாக்குறது முதுகுதாங்க. முதுகுல பேரா எழுதியிருக்குது?"

மறுநாள் மூட்டை கட்டச் சொல்லி யாரும் வரவில்லை. காவல்காரரை நீக்குவதற்கும் கூட்டம் போட்டுக் கை தூக்க வேண்டும். அதையும் பின்னால் நின்று எண்ண வேண்டியவர் பரசுராமன்தான்.

கூட்டம் முடிந்து வந்த அப்பா வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு லாரிக்குப் போய்விட்டார். கட்டைவிரலை ஆராய்ந்த மனிதர் இரண்டாம் முறை கை தூக்கினாரா இல்லையா? பரசுராமனிடமே போய்க் கேட்டேன். அவர் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"விற்பனைக்குன்னு அட்டை எழுதினவன் யாருன்னு தலைவரு நாலு தபா கேட்டாரு. சொன்னனா?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வாசல்வரை வந்துவிட்டேன்.

"டேய்," என்றார், துடைப்பத்தை நிறுத்தாமலே. "உங்கப்பன் வெள்ளைச் சட்டையில வலது அக்குள் நாலு வெரக்கட கிழிஞ்சிருக்குது. தைக்கச் சொல்லு."

கை தொங்கிக்கொண்டிருந்தால் அக்குள் கிழிசல் யார் கண்ணுக்கும் படாது.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஊசியில் நூல் கோத்து நானே தைத்தேன். கோணல்மாணலாகத்தான் வந்தது. அடுத்த கூட்டத்துக்கு அப்பா அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார்.