கச்சதீவில் யாருக்கோ முழுகியவர்

இதை எழுதலாமா விடலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதற்குக் கீழே ஒரு வரியும் வராது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், அது ஒரு காரணம். மற்றக் காரணம் பயம். கச்சதீவு எங்களுடையது என்பவர்களும் தங்களுடையது என்பவர்களும் இதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போவார்கள். என் மச்சாளின் துக்கம் நடுவிலே கிடந்து மிதிபடும்.

மச்சாள் என்றது என் தம்பியின் மனைவியை. ஊரிலே யுத்தம் நடந்த காலத்தில் தம்பி கடலுக்குப் போனான், திரும்பி வரவில்லை. கச்சதீவுப் பக்கம் ஒரு வெறும் வள்ளம் மிதந்ததாகச் சொன்னார்கள். எங்கள் பக்கத்தில் கேட்டால், அது எல்லைக்கு அங்காலே என்றார்கள். இந்தியாப் பக்கம் ஆள் மூலம் விசாரித்தால், அது உங்கள் கடல்தானே என்றார்கள். தேடி ஒருவரும் போகவில்லை.

உடலைக் காணாமல் எப்படி அந்தியேட்டி என்ற கருமாதிக் கிரியை செய்வது? மச்சாள் தாலியைக் கழற்றவில்லை. அகதியாக மொன்றியலுக்கு வந்து, கோட்-டெ-நெய்ஜில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்த காலம் முழுவதும் வெள்ளிக்கிழமை தவறாமல் தாலிக்கு மஞ்சள் பூசினாள். கடல் மீனை மட்டும் தொடமாட்டாள். ஏனென்று நாங்கள் கேட்பதில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் தீவைப் பற்றி ஒரு பேச்சு வைத்தார்கள். பேசியவர் தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற பேராசிரியர், நல்ல மனிதர். வெள்ளைக்காரன் காலத்திலேயே தொடங்கிய வழக்கு இது என்றார். சென்னைப் பக்கத்து அதிகாரிகளும் கொழும்புப் பக்கத்து அதிகாரிகளும் ஒரு மேசையில் இருந்து மீன்பிடிக்கு எல்லை பேசினார்களாம். தீவு இராமநாதபுரம் சமஸ்தானத்துடையது என்று ஒரு பக்கம் சொல்ல, கோடு தீவுக்கு மேற்கே, தீவு கொழும்புப் பக்கம் விழும்படி போனதாம். தீவு யாருக்கு என்பதை மட்டும் முடித்துவைக்கவில்லையாம். இத்தனைக்கும் இரண்டு பக்கமும் ஒரே ராசாவுக்கு வேலை செய்தவர்கள்.

"அப்ப எங்கட வேலிச் சண்டை மாதிரித்தான்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். "ஒரு தகப்பனுக்குப் பிறந்ததுகள், வேலிக் கதியாலை இரவோடிரவா அரக்கி நடுறது!"

மண்டபம் சிரித்தது. பிறகு சிரிப்பு வாக்குவாதமாயிற்று. "பிறகு இந்தியாவே எழுதிக் குடுத்தாச்செல்லோ, பேந்தென்ன கதை?" என்று எங்கள் ஆட்கள். "யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தாங்க?" என்று தமிழ்நாட்டுக்காரர்கள். என் வீட்டுக்காரரும் எழும்பி நின்று கையை ஆட்டினார்.

அப்போதுதான் மச்சாள் எழுந்தாள். சபையில் வாய் திறவாதவள்.

"ஐயா, அந்தக் கடுதாசியளில, அந்தத் தீவுக் கரையில ஒரு ஆள் செத்து ஒதுங்கினா ஆர் வந்து எடுக்கிறது எண்டு எழுதியிருக்கோ?"

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இல்லம்மா. நான் படிச்ச வரைக்கும் அப்படி ஒண்ணும் இல்ல" என்றார்.

கூட்டம் கலைந்தபின், தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். இராமேஸ்வரத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. முன்பு கடலுக்குப் போனவராம்.

"அக்கா, எழுதி ஒண்ணும் இல்லதான். ஆனா நாங்க பார்த்தா விட்டுட்டு வரமாட்டோம். கரையில போய்ச் சொன்னா, நீ ஏன்டா அங்க போனேன்னு எங்களையே புடிப்பாங்க. அதனால அங்கேயே மணல்ல வச்சிருவோம். யாரு முதல்ல பார்த்தானோ அவன் தன் வீட்டுச் சாவா நெனச்சு முழுகணும். காரியம் முடியுற வரைக்கும் கடலுக்குப் போகமாட்டான். நானும் ஒருத்தருக்கு முழுகியிருக்கேன்."

மச்சாள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தக் காலம் தம்பி?"

அவர் சொன்ன காலம் ஏறக்குறைய ஒத்துவந்தது.

"இடக்கையில சின்ன விரல் இல்லாமல் இருந்ததோ?" என் தம்பிக்கு அந்த விரல் இல்லை.

அவர் மற்றக் கையிலிருந்த தேநீர்க் கேத்தலைக் கீழே வைத்தார். ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொல்லவேண்டும் என்றும் நேர்ந்துகொண்டேன்.

"தண்ணியில கெடந்த உடம்பு, அக்கா. தெரியலக்கா. நான் பொய் சொல்லக்கூடாது."

"சொல்லாதேங்கோ" என்றாள் மச்சாள். "தெரியாட்டித் தெரியாது எண்டே இருக்கட்டும்."

மெட்ரோவில் வீட்டுக்கு வந்தோம். சாமி விளக்கைக் கொளுத்திவிட்டுத்தான் சொன்னாள்: "மச்சாள், அந்தியேட்டி செய்வம். முழுகின அந்தத் தம்பியே செய்யட்டும்."

என் வீட்டுக்காரருக்கு மூக்கின்மேல் கோபம். "உரித்துக்காரன் நான் இருக்கிறன். அவன் ஆர், என்ன முறை? அவன் முழுகினது எங்கட ஆளுக்கெண்டே தெரியாது!"

"அண்ணை, உரித்துக் கதைச்சுக் கதைச்சுத்தானே அண்டைக்கு ஒருத்தரும் போகேல்லை" என்றாள் அவள். கிரியையன்று காலையில் டெப்பனர் என்ற மூலைக்கடைக்குப் போய் அதற்குப் பால் வாங்கிவந்தவர் என் வீட்டுக்காரர்தான்.

அஹுன்ட்சிக் பக்கத்து ஆற்றங்கரையில் செய்தோம். இறந்த திதி தெரியாததால் ஐயர் அமாவாசையில் வைத்தார். இலை உதிர்ந்து குளிர் தொடங்கிய நேரம். தண்ணீரைத் தலையில் தெளித்தால் போதும் என்று ஐயர் சொல்லியும், அந்த மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றுக்குள் இறங்கி முழுகினார். பல் கிட்டி நடுங்கிக்கொண்டு கரையேறினார். மச்சாள் தன் கம்பளிச் சால்வையால் அவர் தலையைத் துவட்டினாள். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தானே தாலியைக் கழற்றினாள். நான் உதவப் போனேன். "வேண்டாம்" என்றாள். அவள் கழுத்தில் அது கிடந்த இடம் மட்டும் வெளுத்து, குழந்தையின் தோல்போல இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் என் தம்பி செத்துப்போனான் என்று நான் வாய்விட்டு அழுதேன்.

அதோடு ஆறிவிடும் என்று நினைத்தோம். ஆறவில்லை. ஊரிலிருந்து தொலைபேசி வந்தால் தம்பியைப் பற்றி ஏதும் செய்தியோ என்று இன்றும் சமையலைப் போட்டுவிட்டு அறை வாசலில் வந்து நிற்கிறாள். கடல் மீன் இன்றும் தின்பதில்லை. "அவர்தான் எண்டு தெரியாதே" என்கிறாள். அந்த மனிதர் தீபாவளிக்குத் தீபாவளி வருவார். காரியம் செய்தவர் என்று அவருக்கு மட்டும் மரக்கறி சமைத்துத் தன் கையால் பரிமாறுவாள்.

இப்போது கோயிலில் வேறு கதை நடக்கிறது. விரலைப் பார்த்து அடையாளம் சொன்னார் என்கிறார்கள் சிலர். இந்தியாக்காரர் அடக்கம் செய்ததால் தீவு அவர்களுடையது என்று ஒருவர். புதைந்திருப்பவன் எங்கள் ஆள், அதனால் எங்களுடையது என்று இன்னொருவர். அதனால்தான் எழுதினேன். மச்சாளைக் கேட்டேன். "எழுதுங்கோ, ஒண்டையும் கூட்டிப் போடாதேங்கோ" என்றாள்.

வாசிக்கிறவர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். விரலைக் கண்டதாகச் சொல்லாதீர்கள். தீவுக்குச் சொந்தக்காரர் யார் என்று இதில் தேடாதீர்கள். தெரியாது என்றுதான் அவர் சொன்னார். தெரியாமலே முழுகினார். அதை அப்படியே சொல்லுங்கள்.