தீவுப் பக்கம் திரும்பிய புயல்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பது அவள் வேலை. கல்யாணமானதிலிருந்து அவளும் கணவனும் சேர்ந்து ஊர் தாண்டியதில்லை. பிள்ளைகள் தலையெடுத்துப் போனபின்தான் ஒரு தீவில் கடலோர விடுதியில் அறை பேசிவைத்தாள். விடுதியை நடத்தியவள் தனிக்கட்டை, இவளைவிட மூத்தவள். போனில் விவரம் கேட்கப் போய் பேச்சு ஒட்டிக்கொண்டது. நேரில் பார்க்காமலே அக்கா, தங்கச்சி என்றாகிவிட்டது.

கிளம்ப ஒரு வாரம் இருக்கையில் நடுக்கடலில் புயல் உருவானது. இடைவேளை விட்டால் போதும், கைபேசியில் வரைபடத்தைத் திறந்துவிடுவாள். வெள்ளைச் சுழல் விலகித்தான் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் பார்த்தால், யாரோ காதைப் பிடித்துத் திருகியதுபோல் தீவுப் பக்கம் திரும்பியிருந்தது.

"நாம லீவு போட்டது அதுக்கும் தெரிஞ்சுபோச்சு," என்றான் டாக்ஸி ஓட்டும் கணவன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலையில் அக்காவே அழைத்தாள். "கப்பலை நிறுத்திட்டாங்க. அடுத்த வருஷம் வா தங்கச்சி."

"எங்களை விடுங்கக்கா. நீங்க கடைசிக் கப்பல்ல ஏறி இங்க வந்திருக்கலாமே. ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு."

"இடுப்பு உடைஞ்சு கம்பு ஊனி நடக்கிறவ, நான் எங்க வர? பள்ளிக்கூடத்துல போய்த் தங்கச் சொல்றாங்க. அங்க தரையில படுத்தா என்னைத் தூக்கிவிட ஆள் வேணும். ஜன்னலுக்குப் பலகை அடிச்சாச்சு."

"பிடிவாதம் பிடிக்காதீங்கக்கா."

"சரி, சரி. காலையில போறேன்."

அந்தச் 'சரி'யில் போகிற எண்ணமே இல்லை என்பது இவளுக்குப் புரிந்தது.

மறுநாள் இயந்திரத்திலிருந்து விரிப்புகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. படத்தில் சுழல் தீவை மூடியிருந்தது. அழைத்தாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு மணியும் அடிக்கவில்லை.

செய்தியில் கடற்கரையைக் காட்டினார்கள். வீடுகள் இருந்த இடத்தில் அடித்தளம் மட்டும் மிச்சம். பள்ளிக்கூடம் அசையாமல் நின்றது. அதன் வாசலில் ஜனங்கள் கூடியிருந்தார்கள். கம்பு ஊனிய பெண் யாராவது தெரிகிறாளா என்று தேடினாள். யாரும் தெரியவில்லை.

நிவாரண முகாமுக்கு அடித்துப்பிடித்து லைன் கிடைத்தது.

"உங்களுக்கு அவங்க என்ன வேணும்?" என்றார் எடுத்தவர்.

"அக்கா."

"இங்க அந்தப் பேர்ல யாரும் வரலைங்க. உடல் ஏதாவது கிடைச்சா சொல்றோம்."

யாரும் கூப்பிடவில்லை. அவள் லீவை ரத்து செய்துவிட்டு வேலைக்குப் போனாள்.

"மலைப் பக்கம் எங்கயாவது போயிட்டு வருவோமா?" என்றான் கணவன், சாப்பிடும்போது.

"எங்கயும் வேண்டாம்," என்றாள்.