சீரில் போன கம்ப்யூட்டர்

ஏகப்பன் மாமா தினமும் காலையில் பத்து மணிக்குக் குளித்து, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார். மெயில் புரோகிராமைத் திறந்து 'கெட் மெயில்' பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்துவார். அடியில் ஒரு கோடு ஓடும். புதுசாக எதுவும் இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வரும். அதை முழுசாக வாசிப்பார். மூணு வருஷமாக அதே வரிதான், இருந்தாலும் வாசிப்பார். வாசித்ததும் புரோகிராமை மூடிவிடுவார். அப்புறம்தான் இட்லி.

காரைக்குடி செக்காலையில் எங்கள் வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி அவர் வீடு. ஆசாரிமார் குடும்பம். வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பதுதான் தொழில். ஊரில் பாதிப் பேர் அவர் போட்ட சுவருக்குள்ளேதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்கினி மூலையில் தப்பித்தவறிக் கக்கூஸ் விழுந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. காதில் எப்போதும் ஒரு பென்சில். நம்பர் எழுதத் துண்டுச் சீட்டு தேடமாட்டார். சுவர், கதவு, ஸ்கூட்டர் சீட்டு, எது கிட்ட இருக்கிறதோ அதில் எழுதிவிடுவார். ஒரு தடவை நான் அவர் மவுசில் இடது பொத்தானை வலதாகவும் வலதை இடதாகவும் மாற்றி வைத்துவிட்டேன். கையில்தான் ஏதோ கோளாறு என்று ரெண்டு நாள் தைலம் தடவினார். மூணாம் நாள் பார்க்கச் சகிக்காமல் நானே போய் மாற்றிவிட்டேன். தைலத்தின் மகிமை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் காத்துக்கொண்டிருந்தது மகன் முத்துக்கண்ணனின் மெயிலுக்கு. அண்ணன் டிப்ளமோ முடித்துக் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போன இடத்தில் வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டது. அப்போதுதான் தங்கச்சி ரேணுகா அக்காவுக்கு ஒக்கூரில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். மாமா கல்யாணப் பத்திரிகையில் மகன் பேரைப் போடாமலே அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார். ரேணுகா அக்காவும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் ஒரு நாள் வந்து, அந்தப் பத்திரிகையை வாங்கி, முன்னாலும் பின்னாலும் திருப்பிப் பார்த்தது.

"போன்ல பேசுனா சண்டைதான் வரும்ப்பா. என்னிக்காச்சும் எழுதணும்னு தோணுச்சுன்னா மெயில் போடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனதுதான். போன் நம்பர் மாறிவிட்டது. வேலையும் மாறி, கோயம்புத்தூரையும் விட்டுப் போய்விட்டதாகக் கேள்வி. நெட் கம்பெனிக்காரன் கனெக்‌ஷனோடு இனாமாகக் கொடுத்த அந்த மெயில் முகவரியை முதன்முதலில் அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்ததே அண்ணன்தான். பாஸ்வேர்டு அதோட பிறந்த தேதி. மூணு வருஷத்தில் மாமா அதை மாற்றவில்லை.

போன மாதம் நெட் கம்பெனியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. முதல் தேதியிலிருந்து மெயிலுக்குப் பழைய செட்டிங் எதுவும் வேலை செய்யாது, சர்வர் பேர் புதுசு, நம்பர் புதுசு, பாஸ்வேர்டையும் மாற்றியாக வேண்டும். மாமா வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏத்தா வாலு, இங்குட்டு வா. இதை மாத்திக் குடு. சேட்டை கீட்டை பண்ணுனே, உங்கப்பன்கிட்டச் சொல்லிருவேன்."

"எங்கப்பா என்னையப் பத்திக் கேக்குறதையே விட்டுட்டாரு மாமா. நீங்க பயப்படாம உக்காருங்க."

நான் பிளஸ் ஒன்னோடு நின்றவள். ஆனால் இந்த வேலைக்குக் கெமிஸ்ட்ரி தேவையில்லை. வருகிற மெயிலுக்கு ஒரு சர்வர், போகிற மெயிலுக்கு ஒரு சர்வர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், நோட்டீஸைப் பார்த்து அடித்தால் போதும். மாற்றுவதற்கு முன்னால் இப்போது ஓடுகிறதா என்று பார்ப்போமே என்று என் போனிலிருந்து அவருக்கு ஒரு மெயில் போட்டேன். 'ஏகப்பன் மாமா ஒழிக.'

கம்பெனி வெப்சைட்டில் அவர் பெட்டியைத் திறந்து பார்த்தேன், இருந்தது. "இப்ப அழுத்துங்க மாமா" என்றேன். அழுத்தினார். ஒன்றுமில்லை. வெப்சைட்டில் மறுபடி பார்த்தேன், அங்கேயும் காணோம். 'ஏகப்பன் மாமா வாழ்க' என்று இன்னொன்று போட்டேன். அதுவும் வந்தது, ரெண்டு நிமிஷத்தில் மறைந்தது.

எனக்கே எவனோ சேட்டை பண்ணுகிறான் என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இந்த மாதிரிப் பழைய செட்டிங்கில், மெயில் கம்பெனியின் சர்வரில் தங்காது. எந்தக் கம்ப்யூட்டர் முதலில் வந்து கேட்கிறதோ அது மொத்தத்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அடுத்து வருகிறவனுக்குக் காலிப் பெட்டி. நகலைச் சர்வரில் விட்டுவை என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் டிக் இல்லை.

"மாமா, வேற எந்தக் கம்ப்யூட்டர்லயாச்சும் இந்த மெயில் இருக்கா?"

"என்கிட்ட ஏது வேற கம்ப்யூட்டரு?"

அடுப்படியிலிருந்து ஈஸ்வரி அத்தை குரல் மட்டும் வந்தது. "அந்தப் பழசு?"

மாமா முகம் சுண்டிப் போனது.

ரேணுகா அக்கா கல்யாணத்தில் மண்டபத்தில் சீர் பரப்பி வைத்ததை நானும் பார்த்திருக்கிறேன். பாத்திரம் பண்டம், கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் நடுவில் மேசையோடு ஒரு கம்ப்யூட்டர். மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். பட்டியல் வாசித்தவர், "கம்ப்யூட்டர் ஒண்ணு, புதுசு" என்று சத்தமாக வாசித்தார். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் தலைகள் ஆடின. அது ரெண்டு வருஷம் மாமா பிளான் வரைந்த மிஷின். நல்லாத்தானே ஓடுகிறது என்று அதைத் துடைத்து, கீபோர்டும் மவுசும் மட்டும் புதுசாக வாங்கி, உறை போட்டுச் சீரில் வைத்துவிட்டார். புது மிஷினைத் தொழிலுக்கு வைத்துக்கொண்டார். பிளானெல்லாம் அழித்தார். மெயில் புரோகிராமை அழிக்கிறேன் என்று திரையில் இருந்த ஐகானை மட்டும் அழித்தார். ஐகான் போனால் எல்லாம் போய்விட்டது என்பது அவர் கணக்கு.

ஆக மூணு வருஷமாக அந்த மிஷின் ஒக்கூரில் சம்பந்தி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலையில் போட்டதிலிருந்து இவர் மெயிலை எல்லாம் வாரிக்கொண்டிருக்கிறது. இவர் குளித்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

"அப்ப கண்ணன் எழுதியிருந்தா..." என்றார்.

"அங்க இருக்கும் மாமா. இப்பவே பாஸ்வேர்ட மாத்துறேன். இனிமே அது எடுக்க முடியாது. இருக்குறத ஒக்கூர் போயி எடுத்துக்கலாம்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாத்துனா அங்க என்ன ஆகும்?"

"பாஸ்வேர்டு குடுன்னு கேட்டு நிக்கும்."

"யாரு மெயிலுன்னு காட்டுமா?"

"உங்க பேரோட காட்டும்."

"வேணாந்தா. தொடாதே. சீருல பழசைக் குடுத்தான்னு ஒரு சொல்லு வந்துச்சுன்னா, என் மக அந்த வீட்டுல எப்புடித் தலைநிமிந்து நடப்பா? நானே போயி நயமா பாத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் அப்புடியே இருக்கட்டும்."

ரேணுகா அக்காவைப் பார்க்கச் சொல்லலாமே என்றேன். அந்தக் கம்ப்யூட்டர் அவள் மாமனார் அறையில் இருக்கிறதாம். அவரைத் தவிர வேறு யாரும் தொடமாட்டார்களாம்.

நயமாகப் போவதற்குப் பதினோரு நாள் ஆனது. திங்கள்கிழமை கண்டுபிடித்தோம். புதன்கிழமை மாமாவுக்கு என்ன சொல்லிக்கொண்டு போவதென்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு பிளான் வேலை. ஞாயிற்றுக்கிழமை, வெறும் பழத்தோடு எப்படிப் போவது, பலகாரம் சுட வேண்டும் என்றார். செவ்வாய்க்கிழமை பலகாரமும் தயார், பஸ்ஸும் இருந்தது, ஆனால் செவ்வாய்க்கிழமை சம்பந்தி வீட்டுக்குப் போகக் கூடாதாம். முதல் தேதிக்கு மூணு நாள் இருக்கையில், வெள்ளிக்கிழமை காலையில்தான் என்னையும் கூட்டிக்கொண்டு ஒக்கூருக்குப் பஸ் ஏறினார். வழி முழுக்க என்ன பொய் சொல்வது என்று என்னிடமே யோசனை கேட்டார். நானும் ஒன்பது பொய் சொல்லிக் கொடுத்தேன். எதுவும் அவர் வாயில் நிற்கவில்லை.

சம்பந்தி அழகுசுந்தரம் மின்வாரியத்தில் ரிட்டையர் ஆனவர். "வாங்க சம்பந்தி, வாங்க! ஒரு போன் போட்டுருந்தா பஸ் ஸ்டாண்டுக்கே வந்துருப்பேன்ல?" என்று ரெண்டு கையையும் பிடித்து உட்கார வைத்தார். ரேணுகா அக்கா ஆபீஸ் வேலையில் மாடியில் இருந்தாள். காபி வந்தது.

"பக்கத்து வீட்டுப் புள்ள. கம்ப்யூட்டருக்கு இப்ப ஒரு வைரஸு வந்திருக்காம். அதான் நம்ம மிஷினையும் ஒரு தடவ..." என்று மாமா இழுத்தார். ஒன்பதில் அதுதான் இருக்கிறதிலேயே மட்டமான பொய்.

மிஷின் அத்தனை சுத்தமாக இருந்தது. உறையில்கூடத் தூசி இல்லை. மானிட்டர் நெற்றியில் மட்டும் பழைய குங்குமத் தடம். மெயில் புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திறந்தேன். வந்த மெயில், பூஜ்யம். குப்பை, பூஜ்யம்.

"என்னத்தா தேடுறே? அந்தக் கவரு படமா?" என்றார் சம்பந்தி. "அது அப்பப்ப மூலையில வந்து நிக்கும். இந்த விளம்பரம், வைரஸுங்குறாகல்ல? வந்த நிமிஷமே அழிச்சுருவேன். குப்பையையும் கொட்டிருவேன். சம்பந்தி சீராக் குடுத்த பொருளு, அழுக்கா வச்சிருக்கலாமா?"

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பத்து நாளைக்கு முந்தி பாருங்க, 'ஏகப்பன் மாமா ஒழிக'ன்னு ஒண்ணு வந்துச்சு. நம்ம சம்பந்திய எவனோ வையுறானேன்னு எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! அடுத்தாப்புல வாழ்கன்னு ஒண்ணு. சரி, ஏதோ சங்கத்து எலெக்‌ஷன் போலருக்குன்னு ரெண்டையும் அழிச்சேன்."

நான் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேற... இங்கிலீஷுல, பேரு போட்டு, ஏதாச்சும் வந்துச்சுங்களா?" என்று மாமா கேட்டார்.

"இங்கிலீஷுல நெறைய வரும் சம்பந்தி. நான் படிக்கிறதில்ல. பேங்க்காரனுக வேலைதான அது? ஆனா இந்தச் செவ்வாக்கெழமை ஒண்ணு வந்துச்சு. பச்சப்புள்ள படம். துணியில சுத்தி, கண்ண மூடிக்கிட்டு. ஏதோ பிரசவ ஆஸ்பத்திரி விளம்பரம் போல. சும்மா சொல்லக்கூடாது, அழிக்கவே மனசில்ல."

மாமா காலியாக இருந்த திரையை எட்டிப் பார்த்தார். பிறகு, "ஆம்பளப்புள்ளைங்களா?" என்றார்.

"அது எப்புடிச் சம்பந்தி தெரியும்? துணியில சுத்தியிருந்துச்சுல்ல."

அப்போதுதான் மாமா சொன்னார். அவ்வளவு நாள் பயந்தது ஒரே மூச்சில் வந்துவிட்டது. "அது பழைய மிஷினுங்க. நான் தொழில் பாத்தது. புதுசுன்னு சொல்லிக் குடுத்துட்டேன். அந்த மெயிலு என்னோடது."

"பழசுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்று சம்பந்தி சிரித்தார். "மானிட்டருக்குப் பின்னாடி பென்சில்ல நம்பரா எழுதி வச்சிருக்கீக. மண்டபத்துலயே பாத்துட்டேன். அதனால என்ன? ஓடுதுல்ல? ஆனா அந்த மெயிலு உங்களோடதுன்னு எனக்குத் தெரியாம போச்சே. முக்கியமா எதுவும் போயிருச்சுங்களா?"

"இல்லைங்க" என்றார் மாமா. "எல்லாம் விளம்பரந்தான்."

அப்படியே வைரஸும் பார்த்துவிடுகிறேன் என்று சொல்லி, அழித்ததை மீட்கிற புரோகிராம் ஒன்றை இறக்கி ரெண்டு மணி நேரம் ஓடவிட்டேன். சீட்டு விளையாட்டிலிருந்து நானூறு ராஜாவும் ராணியும் வந்தார்கள். குழந்தை வரவில்லை. வாசலுக்குப் போய் நெட் கம்பெனிக்குப் போன் போட்டேன். கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்ட மெயிலுக்கு எங்களிடம் நகல் கிடையாது மேடம், வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம் என்றாள் ஒருத்தி. என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள். சந்தோஷப்பட முடியவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "செவ்வாக்கெழமை" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நீ சொன்ன அன்னிக்கே மாத்தியிருந்தா..." என்றார்.

"சும்மா வாங்க மாமா. அது யாரு புள்ளையோ."

"ஆமா" என்றார். நான் சொன்னதை அவரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

வீட்டு வாசலில் ஈஸ்வரி அத்தை நின்றது. "ஏதாச்சும் இருந்துச்சா?"

"ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு மாமா என்னைப் பார்த்தார். ஊரில் எந்த ரகசியமும் என் வாயில் அரை மணி நேரம் தங்கியதில்லை. இது தங்கியிருக்கிறது.

அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றினேன். புது சர்வர் பேர், புது நம்பர், நகல் விடுகிற கட்டத்தில் டிக், எல்லாம் சரியாகப் போட்டேன். அண்ணனின் பழைய முகவரி ஒன்று எங்கேயோ எழுதி வைத்திருந்தார். தமிழில் ஒரே ஒரு வரி அடித்து அனுப்பச் சொன்னார். என்ன வரி என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படி ஒரு முகவரி இல்லை என்று ஒரு நிமிஷத்தில் திரும்பி வந்தது. மெயில் வந்த மணி அடித்ததும் அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்ட வந்த வேகத்தைப் பார்த்திருக்கக் கூடாது.

அண்ணன் பேரில் ஒரு மெயில் தயார் பண்ண எனக்கு அஞ்சு நிமிஷம் போதும். ராத்திரி என் போனில் பண்ணியும்விட்டேன். 'அப்பா, நல்லா இருக்கோம்' வரைக்கும் அடித்தேன். குழந்தைக்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. அழித்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பத்து மணிக்குக் கூப்பிட்டார். குளித்திருந்தார், பட்டை போட்டிருந்தார்.

"ஏத்தா, இது தானா எத்தன நிமிஷத்துக்கு ஒருக்கா போயிப் பாக்குது?"

"பத்து நிமிஷம் மாமா."

"கொறைக்கலாமா?"

அஞ்சு என்று வைத்தேன். "இன்னும்" என்றார். ஒன்று என்று வைத்தேன்.

"அதுக்குக் கீழ போகாதா?"

"போகாது மாமா. அதான் கடைசி."

சரி என்று தலையாட்டினார். கோடு ஓடி முடிந்து அந்த வரி வந்தது. வாசித்தார். அடுப்படியில் அத்தை இட்லிக்குக் கூப்பிட்டது. எழுந்திருக்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கோடு ஓடியது.